ஏழு ஜாடிகளில் ஒரு கை

பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவர்களுக்கு மாதத்தில் இரண்டு நாள் பரீட்சை நாள். அன்று காலை வேலைக்கு வரும்போது சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கும் என்று நாசூக்காகச் சொல்ல எனக்கு வராது. மலம்தான். பிள்ளைகளுக்குச் சமைக்கிறவர்களின் குடலில் கெட்ட கிருமி ஏதாவது இருக்கிறதா என்று மாதம் இரண்டு தடவை சோதித்துப் பார்ப்பார்கள். இருபத்திரண்டு வருடத்தில் எனக்கு இதில் ஒரு சிரமமும் வந்ததில்லை. சிகுசா அக்காவுக்குத்தான் ஒவ்வொரு முறையும் உயிர் போய் உயிர் வரும்.

அவருக்கு அப்படியொரு மலச்சிக்கல். நாலு நாள், ஐந்து நாள், சமயத்தில் ஒரு வாரம்கூட ஆகும். குழாய் கொடுக்க வேண்டிய தேதிக்கு முந்தின நாள் அவர் படாத பாடு இல்லை. விடியற்காலையில் செம்புத் தண்ணீரை மடக் மடக்கென்று குடிப்பார். கணவரையும் இழுத்துக்கொண்டு மலைச்சரிவில் இருக்கும் ஆரஞ்சுத் தோட்டப் படிகளில் இரண்டு தடவை ஏறி இறங்குவார். மறுநாள் காலை அவர் முகத்தைப் பார்த்தாலே சேதி தெரிந்துவிடும்.

"வந்துச்சாக்கா?"

"வாயை மூடு தொமிகோ."

அன்றைக்கெல்லாம் எங்கள் சத்துணவு அதிகாரி பரிசோதனைக் கூடத்துக்குப் போன் போட்டு, ஒரு நாள் தவணை கேட்க வேண்டியிருக்கும். என்ன காரணம் சொல்வது? அந்தப் பெண் மஹிரோவுக்கு அப்போது இருபத்தாறு வயது. போனில் காரணம் சொல்லும்போது அவள் காது சிவந்துபோவதைப் பார்த்து நான் வெங்காயக் கூடைக்குப் பின்னால் போய்ச் சிரிப்பேன்.

ஷிகோகு தீவின் மேற்குக் கரையில் சின்னதொரு விரிகுடாவை ஒட்டிய பள்ளிக்கூடம் எங்களுடையது. நாற்பத்தெட்டுப் பிள்ளைகள். சமையலறையில் சிகுசா அக்கா, நான், மஹிரோ, ஆக மூன்று பேர். நான் சேர்ந்தபோதே அக்கா அங்கே ஒன்பது வருட அனுபவசாலி. இந்த ஊரில் முப்பது, நாற்பது வயதுக்காரர்கள் யாரை எடுத்தாலும் மதியச் சாப்பாடு அவர் கையால் தின்றவர்கள்தான். தெருவில் தாடி வைத்த ஆம்பிளையைப் பார்த்தால்கூட, "என்னடா, இப்பவாவது குடமிளகா தின்றியா?" என்று கேட்பார். அவன் பெண்டாட்டி பக்கத்தில் நிற்கிறாளே என்றெல்லாம் பார்க்க மாட்டார்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் டிவியில் பார்த்து என்ஸைம் மாத்திரை வாங்கினார். குடலைச் சுத்தம் செய்து உடம்பையே புதுசாக்கிவிடும் என்று ஒரு நடிகை சிரித்துச் சிரித்துச் சொன்னாளாம். டப்பா காலியானதுதான் மிச்சம். அதோடு விட்டாரா என்றால் இல்லை. மட்சுயாமா நகரத்தில் வீட்டிலேயே என்ஸைம் சாறு போடக் கற்றுத்தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு சனிக்கிழமை ரயில் ஏறிப் போய்விட்டு, இரண்டு கையாலும் பிள்ளையை அணைத்தமாதிரி ஒரு ஜாடியோடு திரும்பிவந்தார்.

செய்முறை பெரிய வித்தை ஒன்றுமில்லை. அந்தந்தப் பருவத்தில் கிடைக்கிற பழம், காய், கீரை எல்லாவற்றையும் தோலோடு நறுக்கி, எடைக்கு எடை வெள்ளைச் சர்க்கரையைக் கொட்டி, மேலே ஒரு பிடி அதிகமாகவும் போட்டு, தினமும் காலையும் மாலையும் கிளற வேண்டும். கரண்டி கூடாது, கையுறையும் கூடாது. வெறுங்கையால், அதுவும் குடிக்கப்போகிறவர் தன் சொந்தக் கையால் கிளற வேண்டும். ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் அவரவருக்கென்று நல்ல கிருமிகள் குடியிருக்கின்றனவாம். அவை சாற்றுக்குள் இறங்கிப் பெருகி, திரும்ப நம் குடலுக்கே வந்து வேலை செய்யுமாம். ஒரு வாரத்தில் ஜாடி நுரைத்துக்கொண்டு எழும்பும். வடிகட்டித் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும்.

"எட்டு மணி நேரம் கையை நகக்கண் வரைக்கும் தேய்ச்சுக் கழுவிக்கிட்டே இருக்கறோம். வீட்டுக்குப் போய் அதே கையால ஊறுகாப் பானையைக் கலக்கற மாதிரி கலக்கிக் குடிக்கறீங்களேக்கா!" என்றேன்.

"இது பச்சை உயிரு தொமிகோ. உனக்கு வெந்ததும் பொரிச்சதும் தவிர என்ன தெரியும்?"

சாறோடு சாப்பாடும் மாறியது. அவர் வீட்டு அடுப்பில் சோறும் டீயும் தவிர வேறு ஏறுவது நின்றுபோனது. துருவின முள்ளங்கி, துருவின காரட், கோஸ், ஆப்பிள், கடல்பாசி, ஜன்னலோரப் பாட்டில்களில் அவரே முளைகட்டின பயறும் விதைகளும். படகு எஞ்சின் பழுதுபார்க்கிற அவர் கணவர் கன்ஜி அதிகம் பேசாத மனுஷர். ஒரு நாள் துறைமுகத்தில் பொரித்த மீன் வடையை ஒரே வாயில் போட்டுக்கொண்டு என்னிடம் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கேன் தொமிகோ. என்ன, ராத்திரி கனவுல குதிரை மாதிரி கனைக்கறேன்."

மூன்றாவது வாரம், குழாய் கொடுக்கும் நாள். காலை ஏழு நாற்பதுக்கு அக்கா சமையலறைக்குள் வந்தார். எங்கள் எல்லாருக்கும் முந்தித் தன் குழாயைத் தட்டில் வைத்தார். முதல் ராங்க் வாங்கின பிள்ளை ரிப்போர்ட் கார்டை நீட்டுகிற தோரணை. கண் கலங்கியிருந்தது. இதற்கெல்லாமா அழுவார்கள் என்று நான் சிரித்தேன். இருபத்தாறு வருடம் அவஸ்தைப்பட்டவருக்குத்தானே அதன் அருமை தெரியும்.

அன்றிலிருந்து அவர் வாய் ஓயவில்லை. எங்கள் சமையலறையில் பச்சையாக எதையும் பரிமாறக் கூடாது என்பது கண்டிப்பான விதி. வெள்ளரிக்காயைக்கூட வேகவைத்து, நடுவில் தெர்மாமீட்டரைக் குத்தி, எண்பத்தைந்து டிகிரி ஒரு நிமிடம் தாண்டியதா என்று பார்த்து எழுதி, அப்புறம் ஆறவைத்துத்தான் கொடுக்கிறோம். அக்கா கொதிக்கிற அண்டாவைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். "செத்துச்சு. அத்தனை என்ஸைமும் செத்துச்சு. பாவம் இந்தப் புள்ளைங்க." ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை புலம்பலிலும் எண்பத்தைந்துக்கு ஒரு டிகிரி குறைவாக அவர் ஒரு நாளும் அடுப்பை அணைத்ததில்லை.

ஊரில் ஆறு பெண்கள் அவரிடம் சாறு போடக் கற்றுக்கொண்டார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீனவர் சங்க அறையில் கூடுவார்கள். அதில் ஒருத்தி ஒரியே. ஆரஞ்சுத் தோட்டக்காரி, முப்பத்தெட்டு வயது, அக்கா சமையலைத் தின்று வளர்ந்தவள். இப்போது அவள் மகள் கோஹாரு அதே பள்ளியில் ஆறாம் வகுப்பு. ஒரியேயின் ஜாடி மட்டும் நுரைக்கவே நுரைக்காது. ஜாடியைப் போர்வையில் சுற்றி, கால் சூடேற்றும் மேசைக்கு அடியில் வைத்துப் பார்த்தாள். கிளறிக் கிளறிக் கை தோல் உரிந்ததுதான் கண்ட பலன்.

"என் கைக்கு ராசியில்ல போல" என்று ஒரு நாள் அவள் அழுகிற குரலில் சொன்னாள்.

"தள்ளு, நான் பாக்கறேன்" என்று அக்கா சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, அந்த ஜாடிக்குள் கையை விட்டுக் கிளறினார். இரண்டாம் நாள் நுரை மூடியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது!

அவ்வளவுதான். அவரவர் கை என்கிற விதி காற்றோடு போனது. புது ஜாடி போட்டால் முதல் கை சிகுசா அக்காவுடையதாக இருக்க வேண்டும் என்று ஆறு பேரும் வரிசையில் நின்றார்கள். அக்காவும் துணிக் கடைக்காரர் விரித்துக்காட்டுகிற மாதிரி கையை விரித்துக் காட்டிவிட்டு, "உள்ள சுத்தமா இருந்தா கையும் தானா சுத்தமாயிடும்" என்பார். எனக்கு இதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். நாற்பது வருடம் காயே தின்னாதவர் கூடை கூடையாகக் காய் தின்றால் வயிறு இளகாமல் என்ன செய்யும்? இதற்கு ஜாடி எதற்கு, சர்க்கரை எதற்கு? முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறேன்.

இத்தனை பேசுகிற நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன ஜனவரியில் யாருக்கும் தெரியாமல் நானும் ஒரு ஜாடி போட்டேன். எனக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, வயிறு முன்மாதிரி இல்லை. அக்காவை வீட்டுக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, "கையை வெச்சுட்டுப் போங்க, வெளிய சொன்னீங்கன்னா கொன்னுடுவேன்" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. ஆக, ஏழு ஜாடி.

அந்த மார்ச் மாதத்தோடு அக்காவுக்கு வேலை முடிகிறது. அவருக்கு ஒரே ஒரு ஆசைதான். ஆறாம் வகுப்பு முடித்துப் போகிற பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த சாப்பாட்டைக் கேட்டு வாங்குகிற கடைசி மதியம் ஒன்று உண்டு, மார்ச் பன்னிரண்டு. அந்த வருடம் ஒன்பது பிள்ளைகள். கோழி வறுவல், கடல்பாசிச் சோறு, ஆரஞ்சு ஜெல்லி என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். முப்பத்தோரு வருடச் சமையலை அந்தச் சாப்பாட்டோடு முடித்துக்கொண்டு கரண்டியைக் கீழே வைக்க வேண்டும் என்று அவர் நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி முதல் வாரம் பரிசோதனைக் கூடத்திலிருந்து போன் வந்தது. மஹிரோ எடுத்தாள். இந்தத் தடவை அவள் காது சிவக்கவில்லை, முகமே வெளுத்துப்போனது. யாருடைய குழாய் என்று நான் கேட்பதற்குள் அவள் கண் அக்கா பக்கம் போய்விட்டது.

சால்மொனெல்லா. அக்காவுக்குக் காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை, ஒரு சின்ன வலிகூட இல்லை. ஆனால் கிருமி உள்ளே உட்கார்ந்திருக்கிறது. சில பேருக்கு அப்படித்தான் சத்தமே இல்லாமல் இருக்குமாம். ஏப்ரனைக் கழற்றிவிட்டு அந்த நிமிடமே அவர் வீட்டுக்குப் போக வேண்டும். அடுத்தடுத்து இரண்டு பரிசோதனை சுத்தமாக வந்தால்தான் திரும்ப உள்ளே விடலாம்.

தலைமை ஆசிரியர் நிகாய்தோ நல்ல மனுஷர், யாருடைய முகமும் வாடப் பொறுக்க மாட்டார். அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "சமைச்சதெல்லாம் சூடு பண்ணினது, கையுறை போட்டது. புள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகல. வெளிய யாருக்கும் சொல்லணும்னு இல்ல சிகுசா-சான். முதுகு வலி, லீவுன்னு எழுதிக்கறேன்."

சாயங்காலம் நான் அவர் வீட்டுக்குப் போனேன். அக்கா ஜன்னலோரத்தில் முளைப்பயறுப் பாட்டில்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். விளக்குகூடப் போடவில்லை.

"அஞ்சு வருஷமா உள்ளயெல்லாம் கழுவித் தொடைச்சு வெச்சிருக்கேன்னு நெனச்சேன் தொமிகோ" என்றார். "ஊருக்கெல்லாம் சொன்னேனே."

அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒவ்வொரு விரலாக மடக்கிப் பேர் சொன்னார். ஒரியே, யோஷிமி, இன்னும் நாலு பேர், நான். போன மாதம் அந்தக் கை போன ஜாடிகள்.

"அவங்ககிட்டப் போய்ச் சொல்லணும்."

"பைத்தியமா உங்களுக்கு?" என்று கத்தினேன். "இத்தனை சர்க்கரையில எந்தக் கிருமி பிழைக்கப்போகுது? யாருக்கும் வயித்த வலிகூட வரல. என் ஜாடியை நானே கீழ ஊத்திடறேன், போதும். எதுக்கு ஊரெல்லாம் தண்டோரா போடணும்? வெளிய தெரிஞ்சா மார்ச் பன்னெண்டு அவ்வளவுதான். உங்களை அண்டாப் பக்கம் விடுவாங்கன்னா நெனைக்கறீங்க?"

அவர் குரலை உயர்த்தவே இல்லை. "தினமும் சமைச்சதுல ஒவ்வொண்ணுலயும் அம்பது கிராம் எடுத்து ரெண்டு வாரம் ஃப்ரீசர்ல வெக்கறோமே, எதுக்கு?"

"விதி."

"என்னிக்காவது ஒரு புள்ளைக்கு வயிறு வலிச்சா, காரணம் நாமதானான்னு தெரிஞ்சுக்கறதுக்கு. நாமதான்னா நாமளே சொல்றதுக்கு. முப்பத்தோரு வருஷம் எடுத்து வெச்சுட்டு இன்னிக்கு மறைச்சேன்னா, அத்தனை பாக்கெட்டும் சும்மா வேஷம்தானே?"

அவருக்கு நல்லது சொல்வதாக நினைத்து நான் சொன்னது கேவலமான யோசனை. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் நானும் கூடப் போனேன். முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் யோஷிமி முழுசாகக் கேட்டுவிட்டு, "கையை வைங்கன்னு கெஞ்சினது நாங்கதானே, நீங்களா வந்து வெச்சீங்க?" என்று சொல்லி, ஜாடியை எங்கள் எதிரிலேயே கவிழ்த்தாள். மற்ற நாலு பேரில் மூன்று பேர் ஏறக்குறைய அப்படித்தான். ஒருத்தி மட்டும் கதவைச் சாத்தினாள்.

கடைசியில் ஒரியே. கொட்டகையில் ஆரஞ்சு தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். அக்கா இடுப்பு வரை குனிந்து வணங்கினார், நிமிரவே இல்லை. குனிந்தபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

"கோஹாருவுக்குக் குடுத்தியாம்மா?"

"தினமும் குடுக்கறேன்." ஒரியே கையில் இருந்த பழம் அப்படியே நின்றது. "சோடாவுல கலந்து. அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்."

அந்தப் பழத்தைக் கூடையில் வைத்தாள். பிறகு ஒரியே மெதுவாகச் சொன்னாள்: "நான் ஒங்க சோத்தைத் தின்னு வளந்தவ. அதனாலதான் ஒங்க கைன்னா கண்ணை மூடிக்கிட்டு நம்பினேன். போங்க. இனிமே இங்க வராதீங்க."

கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. கோஹாருவைப் பரிசோதித்து ஒன்றுமில்லை என்று தெரிய நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் அக்கா சாப்பிட்டாரா என்று எனக்குச் சந்தேகம். யாருக்குமே ஒன்றும் ஆகவில்லை. எனக்கும்தான். ஆனால் விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

சுகாதார நிலையத்துக்கு அவரைக் கூட்டிப்போனதும் நான்தான். அங்கே இருந்த நர்ஸ் அவர் தினமும் தின்பதையெல்லாம் எழுதிக்கொண்டார். முளைகட்டின விதைகள் என்றதும் பேனா நின்றது. கிருமி எங்கிருந்து வந்தது என்று கடைசிவரை நிச்சயமாகத் தெரியவில்லை. நர்ஸின் சந்தேகம் மட்டும் அந்தப் பாட்டில்கள் மேல்தான்.

"காய்கறியை நிறுத்தாதீங்க" என்றார். "நல்லாக் கழுவிச் சாப்பிடுங்க. முளைவிட்டதை மட்டும் வேகவெச்சுடுங்க. உங்க மலச்சிக்கல் போனதுக்கு அந்தக் காய்கறிதான் காரணம்னு எனக்குத் தோணுது. அந்தச் சாறு பாதி சர்க்கரைத்தண்ணிதான்."

"அப்ப என்ஸைம்?"

"அதையும் வயிறு மத்த சாப்பாட்டு மாதிரித்தான் செரிச்சுடும்மா. குடலைக் கழுவறதெல்லாம் அது செய்யாது. குடல் தன்னைத்தானே பாத்துக்கும்."

பஸ்ஸில் பாதி தூரம் வந்தபிறகு அக்கா திடீரென்று கேட்டார்: "அப்ப அந்த நுரை?"

"நுரை நுரைதான்க்கா."

அந்த மாதத்தில் முதல் தடவையாக அவர் சிரித்தார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

முதல் பரிசோதனையில் கிருமி இன்னும் இருந்தது. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதன் முடிவு வர வேண்டிய நாளன்று நான் சோற்று அண்டாவில் உப்புப் போட்டேனா இல்லையா என்றே மறந்துபோனேன். மார்ச் ஏழாம் தேதி மஹிரோ போனை வைத்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினாள். சுத்தம். விதிப்படி அக்கா திரும்ப வரலாம்.

விதி ஒத்துக்கொண்டால் போதுமா? அன்று சாயங்காலமே பெற்றோர் கூட்டம். நிகாய்தோ பரிசோதனை முடிவுக் காகிதத்தை எடுத்து இரண்டு முறை வாசித்தார். ஒரியே தலைமை ஆசிரியரைப் பார்த்து எழுந்து நின்றாள். "காகிதத்துல இருக்கறது சரியாத்தான் இருக்கும் சென்செய். எனக்கு மனசு ஒப்பல. பன்னெண்டாம் தேதி அவங்க சமைச்சா, என் பொண்ணுக்கு நான் வீட்டுலேர்ந்து டப்பா கொண்டு வந்துடறேன்."

வேறு யாரும் டப்பா என்று சொல்லவில்லை. அக்காவுக்கு ஆதரவாகவும் யாரும் பேசவில்லை. அக்காவிடம் குடமிளகாய்க் கேலி வாங்குகிற அந்தத் தாடிக்காரன்கூடச் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நிகாய்தோ தயங்கித் தயங்கி அக்கா வீட்டுக்கு வந்தார். "எதுக்கு சிகுசா-சான் சங்கடம்? இந்த மாசம் முடியற வரைக்கும் வீட்டுல ஓய்வா இருங்க. பிரிவு விழாவுல பூங்கொத்து குடுத்து மரியாதையா அனுப்பி வெக்கறோம்."

நானாக இருந்தால் பூங்கொத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தியிருப்பேன். அக்கா சொன்னார்: "சமைக்கக் கூடாதுன்னு விதி சொன்னா வீட்டுல உக்காந்துக்கறேன். சொல்லலேன்னா நான் வருவேன். வேணாங்கறவங்க டப்பா கொண்டு வரட்டும், அதுல எனக்குக் கோவமில்ல. ஒளிஞ்சுக்கிட்டு மட்டும் போக மாட்டேன்."

மார்ச் பன்னிரண்டு காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார். கை கழுவும் தொட்டி முன்னால் நின்று, விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு, முழங்கை என்று பிரஷ்ஷால் தேய்த்தார். வழக்கமாக இரண்டு தடவை. அன்று மூன்றாவது தடவையும் தேய்த்தபோது நான் பேசாமல் துண்டை நீட்டினேன். கோழித் துண்டுகளில் ஒவ்வொரு ஈட்டுக்கும் தெர்மாமீட்டரைக் குத்தினார். என்ஸைம் செத்தது பிழைத்தது என்கிற பேச்சே இல்லை. ஆறாம் வகுப்புக்குக் கோஹாருவை விட்டு எட்டுத் தட்டு எடுத்து வை என்று என்னிடம் சொன்னபோது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது.

எந்தப் பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகளுக்குப் பரிமாறுவதற்கு அரை மணி நேரம் முன்னால் தலைமை ஆசிரியர் ஒரு தட்டு சாப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நஞ்சிருந்தால் முதலில் விழுகிற ஆள் அவர். பதினொன்று நாற்பதுக்கு நிகாய்தோ சமையலறை ஜன்னலை ஒட்டிய மேசையில் உட்கார்ந்தார். சோறு, வறுவல், ஜெல்லி என்று ஒவ்வொன்றிலும் ஒரு வாய் எடுத்துவிட்டுப் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். அப்போதுதான் ஒரியே வந்து நின்றாள். தோட்டத்துச் சட்டை, கையில் பூப்போட்ட துணியில் முடிந்த சாப்பாட்டு டப்பா.

ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேரும் சிலையாக நின்றோம். அக்கா தலையைக் குனிந்து, "கொண்டு வந்துட்டியாம்மா? அங்க வெச்சுட்டுப் போ. நான் தொட மாட்டேன், மஹிரோ கொண்டுபோய்க் குடுப்பா" என்றார்.

ஒரியே டப்பாவை வைக்கவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பு வேக்காட்டில் சிவந்த முகத்தையும், தேய்த்துத் தேய்த்துத் தோல் வெடித்திருந்த கைகளையும் பார்த்தாள்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது, இல்லையா?" என்று கேட்டாள்.

"தெரிஞ்சிருக்காது."

"ஒரு மாசமா அதைத்தான் யோசிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, நிகாய்தோவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "கையெழுத்துப் போட்டுட்டீங்கல்ல சென்செய்? சாப்ஸ்டிக்ஸ் குடுங்க."

அவர் சாப்ஸ்டிக்ஸைக் கொடுத்தார். ஒரியே தின்றாள். அவசரப்படாமல், ஒரு பருக்கை விடாமல் தின்றாள். வறுவலைக் கடித்தபோது அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. அதைத் துடைக்கக்கூட அவள் நிறுத்தவில்லை. ஜெல்லிக் கிண்ணத்தை வழித்து முடித்துவிட்டு, டப்பாவைத் தூக்கி நிகாய்தோ முன்னால் வைத்தாள்.

"ஒங்க சாப்பாட்டைத் தின்னுட்டேன். நீங்க இதைச் சாப்பிடுங்க. முட்டையில கொஞ்சம் சர்க்கரை தூக்கலா இருக்கும், கோஹாருவுக்கு அப்படித்தான் பிடிக்கும்."

எழுந்து, ஜன்னல் பக்கம் பார்க்காமலேயே தலையை லேசாகத் தாழ்த்திவிட்டு, வந்த வழியே போய்விட்டாள். மஹிரோ விசும்பினாள். நான் ஏப்ரனில் மூக்கைச் சிந்தினேன். சமையலறையில் செய்யவே கூடாத காரியம் அது. சிகுசா அக்கா அழவில்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போய் அழுதிருக்கலாம், எனக்குத் தெரியாது. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், கையை இன்னொரு தடவை கழுவினார், அடுக்கி வைத்திருந்த தட்டுகளுக்கு முன்னால் வந்து நின்றார்.

"தொமிகோ, என்ன பாத்துக்கிட்டு நிக்கற? ஆறாம் வகுப்புக்கு ஒன்பது தட்டு."